தோட்டத்து ஓடையை நாசமாக்கினால் மணிலா, வாஷிங்டன், ஜெனீவா வரை பெட்டிசம் போடுவது எப்படி

ரோட்டு வேலையோ தண்ணீர் வேலையோ கரண்டு வேலையோ, தொடங்குகிற இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நடுவார்கள். முதல் வேலையாக அதை போட்டோ எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் பலகை காணாமல் போய்விடும், இல்லாவிட்டால் இரண்டு மழையில் எழுத்து அழிந்துவிடும். பலகையின் அடியில் சின்ன எழுத்தில் "நிதியுதவி" என்று ஒரு வரி இருக்கும். நான் இங்கே சொல்லப்போகிற விஷயத்தில் பாதி அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ரோட்டை அகலமாக்கினார்கள். வெட்டிய மண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு போகாமல் அப்படியே பள்ளத்தில் தள்ளினார்கள், அந்தப் பள்ளத்தில்தான் நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாய்க்கு வருகிற ஓடை. பீலியில் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. வாளியில் பிடித்து அரை மணித்தியாலம் வைத்தால் அடியில் விரல் கனத்துக்குச் சேறு. தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னோம், தோட்ட மனேஜரான துரையிடம் சொன்னோம், கிராம சேவகரிடம் சொன்னோம், பிரதேச சபைக்குப் போனோம். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். கடைசியில் பலகையில் பெயர் இருந்த வங்கியின் கொழும்பு அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதமும் ஆறு போட்டோவும் அனுப்பினோம். சில வாரங்களில் ஆட்கள் வந்து பார்த்தார்கள், மண்ணை அள்ளினார்கள், ரோட்டுக் கானைத் திருப்பி ஒரு மதகு கட்டினார்கள். நீதிமன்றப் படி ஏறவில்லை, சட்டத்தரணிக்கு ஒரு சதம் கொடுக்கவில்லை. எல்லாக் கடிதத்துக்கும் இப்படி நடக்காது, அதையும் பிறகு சொல்கிறேன். ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரும்பாலானோருக்குத் தெரியாது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கு நாடுகள்தான் போக முடியும், நீங்களும் நானும் போக முடியாது. உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகலாம், போக வேண்டிய நேரத்தில் போகத்தான் வேண்டும், ஆனால் கொழும்புக்குப் போய்வருகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பேர், அதாவது அந்த நாள் சம்பளம், இல்லாமல் போகிறது. இதற்கு வெளியே வேறு சில கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகளில் "உனக்குக் கெடுதல் செய்தது யார்" என்பதைவிட "அந்த வேலைக்குப் பணம் யாருடையது, அந்தத் தேயிலையை வாங்குவது யார், அந்தக் காட்டுக்கு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே எழுத்து வேலைக்கு முன்னால் நூல் பிடிக்கிற வேலை.

பணத்தின் நூல்

பலகை இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். வேலையைச் செய்விக்கும் அரச நிறுவனத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள்: இந்த வேலைக்கு நிதி எங்கிருந்து வருகிறது, கடன் இலக்கம் என்ன, கடன் முடிவடையும் திகதி எது, சுற்றாடல் முகாமைத்துவத் திட்டத்தின் பிரதி வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சுற்றாடல் முகாமைத்துவத் திட்டத்தைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் வெட்டிய மண்ணை எங்கே கொட்ட வேண்டும், ஓடைக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் கொந்தராத்துக்காரர் ஒப்புக்கொண்டது அதில் எழுதியிருக்கும். அவர்கள் கையெழுத்துப் போட்ட வாக்கை அவர்களிடமே நீட்டுவதைப் போல பலமான ஆயுதம் வேறில்லை.

பணம் யாருடையது என்று தெரிந்ததும் கதவும் தெரியும். உலக வங்கி என்றால் அதன் ஆய்வுக் குழு. நர்மதை அணையில் மக்கள் நடத்திய போராட்டத்தின் அழுத்தத்தில் 1993இல் உருவாக்கப்பட்டது அது. அதற்கு வந்த முதல் முறைப்பாடு நேபாளத்தின் அருண் 3 நீர்மின் திட்டத்தைப் பற்றியது, 1995இல் வங்கியே அந்தத் திட்டத்தை விட்டு விலகியது. உலக வங்கிக் குழுமத்தில் தனியார் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும் பிரிவான ஐ.எஃப்.சி.யின் பணம் என்றால் சி.ஏ.ஓ. என்ற குறைகேள் அலுவலகம், 1999இலிருந்து இருக்கிறது. இலங்கையின் தனியார் வங்கிகளுக்கும் ஐ.எஃப்.சி. கடன் கொடுத்திருக்கிறது. அப்படி ஒரு வங்கி வழியாகச் சுற்றிவந்த பணத்தில் உங்கள் ஆற்றில் சின்ன மின்நிலையம் கட்டினாலும் சி.ஏ.ஓ.வைத் தட்டிப் பார்க்கலாம். ஆசிய அபிவிருத்தி வங்கி என்றால் மணிலாவில் இருக்கும் அதன் பொறுப்புக்கூறல் பொறிமுறை. ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கிக்கும் இப்படி ஒன்று உண்டு. மலையகத்தில் இது முக்கியம், ஏனென்றால் மண்சரிவு அபாயத்தைக் குறைக்கும் சரிவுக் கட்டுமான வேலைகளுக்கு 2019இல் 80 மில்லியன் டொலர் கடன் கொடுக்க அந்த வங்கிதான் ஒப்புக்கொண்டது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் நீரேந்துப் பகுதியில் தோட்ட மக்களையும் சேர்த்து நடக்கும் காலநிலைத் திட்டத்துக்குப் பசுமைக் காலநிலை நிதியம் பணம் கொடுக்கிறது, அந்த நிதியத்துக்கும் தனியாகக் குறைதீர்க்கும் பிரிவு இருக்கிறது. நல்ல நோக்கத்தில் வருகிற வேலையிலும் பிழை நடக்கும், நல்ல திட்டத்தைக் குறை சொல்லலாமா என்று தயங்க வேண்டாம்.

எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சி.ஏ.ஓ.வுக்கும் பசுமைக் காலநிலை நிதியத்துக்கும் ஒருவர் போதும். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி மூன்றுக்கும் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். 500 கையெழுத்துச் சேர்க்கிறேன் என்று மூன்று மாதம் அலையாதீர்கள். மண்சரிவுக்கு வெளியூர் ஆள் அழுதால் எடுபடாது, பீலிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற இரண்டு பேர் எழுதினால் எடுபடும்.

காலக்கெடுவைக் கவனியுங்கள். கடன் முடிந்து கணக்கை மூடிவிட்டால் கொஞ்ச காலத்தில் கதவும் மூடிவிடும். உலக வங்கியில் 2020க்குப் பிறகு அனுமதி கிடைத்த திட்டங்களுக்கு, கடன் முடிவுத் திகதிக்குப் பின் 15 மாதம் வரை எழுதலாம். ஆகவே பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். இன்னொன்று, வங்கியின் திட்ட அதிகாரிகளிடம் முதலில் சொன்னீர்களா என்று கேட்பார்கள். தலைவரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள்.

சில வேலைகளில் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் சுவரில்தான் முட்டும். உமா ஓயாவைப் பாருங்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன, 2017இல் சனம் வீதிக்கு இறங்கியது. அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது ஈரானின் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி, பிறகு இலங்கை அரசே பணம் போட்டது. நான் மேலே சொன்ன எந்தக் கதவும் அதற்குப் பொருந்தவில்லை. அதனால் ஒரு வேலை தொடங்கும்போதே, பணம் எந்த வங்கியினுடையது, அந்த வங்கிக்கு முறைப்பாட்டுக் கதவு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றாடல் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது அதையும் ஒரு கேள்வியாக எழுதிக் கொடுங்கள்.

தேயிலையின் நூல்

தோட்டத்துக்குள்ளே நடக்கிற கெடுதலுக்கு, அதாவது பூச்சி, களை மருந்தடித்த கலனை ஓடையில் கழுவுவது, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் கழிவை ஆற்றில் விடுவது மாதிரியானவற்றுக்கு, வங்கிப் பணம் பெரும்பாலும் இருக்காது. அங்கே வாங்குகிறவரைத்தான் பிடிக்க வேண்டும். கொழும்பு ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு பையிலும் தோட்டத்தின் மார்க் இருக்கும், ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும். 2018க்குப் பிறகு பிரித்தானியாவின் பெரிய தேயிலைக் கம்பெனிகள் பல, எந்தெந்தத் தோட்டத்தில் வாங்குகிறோம் என்று பட்டியலை இணையத்தில் போடத் தொடங்கின. உங்கள் தோட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அந்தப் பக்கத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். தோட்ட வாசலில் ரெயின்பொரஸ்ட் அலயன்ஸின் தவளைப் படம் இருந்தால் அதுவும் ஒரு வாக்குறுதிதான். எந்த மருந்து அடிக்கக்கூடாது, தண்ணீருக்கு எவ்வளவு தள்ளி அடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு விதி இருக்கிறது, சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு நேராக முறைப்பாடு அனுப்பலாம். தணிக்கைக்கு ஆள் வருகிற நாளில் மட்டும் கையுறையும் முகமூடியும் கொடுக்கிற தோட்டம் என்றால், கொடுத்த திகதியையும் திருப்பி வாங்கிய திகதியையும் குறித்து வையுங்கள்.

வாங்கும் கம்பெனி, மருந்து செய்யும் கம்பெனி, முதலீடு செய்த கம்பெனி ஏதாவது ஓ.ஈ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு கம்பெனிகளுக்குப் போட்ட வழிகாட்டு நெறிகளை ஏற்ற நாட்டைச் சேர்ந்ததாக இருந்தால், அந்த நாட்டு அரசின் தேசியத் தொடர்பு மையத்தில் முறைப்பாடு போடலாம். இலங்கை அதில் இல்லை, ஆகவே கம்பெனியின் தாய்நாட்டுக்குத்தான் எழுத வேண்டும்: பிரித்தானியா, ஜேர்மனி, ஜப்பான், சுவிற்சர்லாந்து எல்லாம் இருக்கின்றன. இதில் பலன் எப்படி வரும் என்பதற்கு நியம்கிரி மலை ஒரு பாடம். ஒடிசாவில் டொங்ரியா கோண்டு மக்கள் கும்பிடுகிற மலையை வேதாந்தா கம்பெனி தோண்டப் போனபோது, பிரித்தானிய மையத்தில் ஓர் அமைப்பு முறைப்பாடு போட்டது. கம்பெனி மதிக்கவில்லை, ஆதாரம் கொடுக்கவில்லை. ஆனாலும் 2009இல் அந்த மக்களைக் கலந்து பேசவில்லை என்று மையம் எழுதிக் கொடுத்தது. அபராதம் இல்லை, தடை உத்தரவு இல்லை, ஒரு அறிக்கை மட்டும். அடுத்த ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்றது, இந்திய அரசு காட்டு அனுமதியை மறுத்தது, 2013இல் 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அறிக்கையால் மட்டும் மலை பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், மலையில் உட்கார்ந்து போராடிய சனத்தால் பிழைத்தது, அறிக்கை அவர்களுக்குக் கைத்தடி. இதற்கு மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிராவின் யவத்மாலில் 2017இல் மருந்தடித்துப் பாதிக்கப்பட்ட 51 விவசாயிகளுக்காகச் சுவிஸ் மையத்தில் மருந்துக் கம்பெனி சின்ஜெண்டாவுக்கு எதிராகப் போட்ட முறைப்பாடு உடன்பாடு இல்லாமலே முடிந்தது.

வாங்குகிறவர் குரலுக்கு எவ்வளவு பலம் என்று நம் நாட்டிலேயே பார்த்தோம். 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைசெய்த பிறகு தோட்டங்கள் வேறு களைநாசினிகளுக்கு மாறியபோது, அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ. தேயிலையில் தங்கியிருக்கிறது என்று ஜப்பான் பிரச்சினை எழுப்பியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் தடை தளர்ந்தது. தேயிலையில் மருந்து இவ்வளவுதான் மிஞ்சலாம் என்ற எச்ச அளவு எல்லாம் குடிக்கிறவரின் கோப்பைக்காகப் போட்டது. முதுகில் கலன் சுமந்து அடிக்கிறவரின் நெஞ்சுக்குள் போவதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

காட்டுக்கு இன்னொரு நூல் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். சிவனொளிபாதமலைக் காடு, ஓர்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் 2010இலிருந்து உலக மரபுரிமை. அவற்றுக்குக் கேடு வருகிறது என்று யார் வேண்டுமானாலும் பாரிஸில் உள்ள உலக மரபுரிமை மையத்துக்குத் தகவல் அனுப்பலாம், மையம் அதை இலங்கை அரசிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர்களின் விதி. பணமும் கம்பெனியும் தெரியாவிட்டாலும் இந்தக் கடிதம் போகும்.

அப்புறம் ஜெனீவா. சுத்தமான, ஆரோக்கியமான சுற்றாடல் ஒவ்வொருவரின் உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலை 28இல் 161 நாடுகளின் ஆதரவோடு தீர்மானம் எடுத்தது, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. சுற்றாடலுக்கும், நச்சுப் பொருட்களுக்கும், தண்ணீருக்கும் தனித்தனியாக ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் படிவம் நிரப்பலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அரசுக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதுவார்கள், 60 நாளுக்குப் பிறகு கடிதமும் பதிலும் எல்லோரும் பார்க்கும்படி வெளிவரும். 2021 கடைசியில் நவீன அடிமைத்தனம் பற்றிய அறிக்கையாளர் டொமோயா ஒபோகட்டா இலங்கைக்கு வந்து மலையகத் தமிழரின் நிலைமையைத் தன் அறிக்கையில் எழுதினார், ஆகவே நாம் அவர்களுக்குத் தெரியாத சனம் என்று நினைக்க வேண்டாம்.

எழுதுகிற விதம்

நம் பெட்டிசங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. இருநூறு வருடமாக இந்த மண்ணுக்கு உழைத்த மக்கள் என்று தொடங்குவோம். அது உண்மை, அதைச் சொல்லும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் மணிலாவில் படிக்கிறவருக்கு முதல் பக்கத்தில் தேவையானது வேறு: எந்தத் திட்டம், எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன கெட்டது, யாரிடம் ஏற்கெனவே சொன்னீர்கள், என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள். "எங்கள் குடிநீர் மாசடைந்து நாங்கள் பெரும் துன்பப்படுகிறோம்" என்று எழுதினால் பதில் வராது. "மேல் கணக்கு லயத்தில் 24 குடும்பங்கள் ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கிறோம். ரோட்டின் இந்தக் கிலோமீற்றர் கல்லுக்குக் கீழே மண் கொட்டத் தொடங்கிய செவ்வாய்க்கிழமையிலிருந்து தண்ணீர் கலங்கி வருகிறது. இந்தத் திகதியில் இன்ன பொறியியலாளரிடம் எழுத்தில் கொடுத்தோம், பிரதி இணைப்பில். மண்ணை அகற்ற வேண்டும், அதுவரை பவுசரில் தண்ணீர் தர வேண்டும்" என்று எழுதினால் வரும். தமிழில் எழுதுவதற்குத் தயங்காதீர்கள். சி.ஏ.ஓ. எந்த மொழியிலும் ஏற்கும், ஆசிய அபிவிருத்தி வங்கி உறுப்பு நாடுகளின் ஆட்சிமொழிகளில் ஏற்கும், தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி. மொழிபெயர்ப்புக்கு நாள் கூடப் போகும், அவ்வளவுதான்.

ஆதாரம் சேர்க்க ஒரு அட்டைக் கொப்பி போதும். லயத்தில் எழுத்து அழகாக இருக்கிற ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். திகதி, மழை பெய்ததா, தண்ணீர் என்ன நிறம், யாருக்கு வயிற்றுப்போக்கு, எந்த மருத்துவமனைக்குப் போனார்கள், தினமும் இரண்டு வரி. போட்டோவை ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுங்கள், ஃபோனில் லொகேஷனைப் போட்டுவிட்டு எடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்த விவரம் அழிந்துவிடும், ஆகவே எடுத்த படத்தை எடுத்த ஃபோனிலேயே அழிக்காமல் வைத்திருங்கள். மருந்துப் போத்தல் என்றால் லேபிளைக் கிட்டத்தில் எடுங்கள், கம்பெனிப் பெயரும் தொகுதி இலக்கமும் தெரிய வேண்டும்.

பதில் வருகிற முகவரிதான் பலர் கவனிக்காத இடம். லயத்துக்கு வருகிற கடிதம் தோட்ட ஒபிஸுக்குப் போய்த்தான் வரும், சில சமயம் வராமலே போகும், பிரிக்காமல் வரும் என்றும் நிச்சயமில்லை. ஆகவே டவுனில் நம்பிக்கையான ஒரு கடையின் முகவரி, அல்லது ஆசிரியர் ஒருவரின் முகவரி, கூடவே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

நாங்கள் கடிதம் எழுதிய இரவில் ஒரு பெரியம்மா கேட்டார், "காயிதம் போட்டா காம்பராவப் புடுங்கிருவாங்களா தம்பி?" அந்தக் கேள்விக்கு "அதெல்லாம் ஒன்றும் நடக்காது" என்று பதில் சொல்லிவிடாதீர்கள். வீடும் தோட்டத்துடையது, வேலையும் தோட்டத்துடையது, காணிக்கு உறுதி இல்லை, பயப்படுவதற்கு அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. நான் சொன்ன வங்கிக் கதவுகள் எல்லாவற்றிலும் பெயரை இரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம், கடிதத்தின் முதல் வரியிலேயே கேளுங்கள். யாராவது மிரட்டினால் அதையும் உடனே எழுதி அனுப்புங்கள். பிள்ளை படிப்பு, வயதான தாய் என்று யாராவது பின்வாங்கினால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து முதல் விசாரணையிலேயே உடைந்துவிடும்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? யாரையும் சிறையில் போட மாட்டார்கள், நட்டஈடு கொடு என்று கட்டளை போடும் அதிகாரமும் இவற்றுக்கு இல்லை. தெற்கு அதிவேக வீதியின் பாதையை மாற்றியதில் வீடு காணி இழந்தவர்கள் 2004இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் பொறிமுறைக்குப் போனார்கள். வங்கி தன் சொந்தக் கொள்கைகளைப் பின்பற்றவில்லை என்று 2005இல் குழு சொன்னது, அதன் பிறகு வருடக்கணக்காகக் கண்காணித்தது. வீதி அதே பாதையில்தான் போனது. அசாமில் ஐ.எஃப்.சி. பங்கு வைத்திருந்த தேயிலைக் கம்பெனியைப் பற்றித் தொழிலாளர் சார்பில் 2013இல் முறைப்பாடு போனது, 2016இல்தான் அறிக்கை வந்தது. வீட்டு வசதி, மலசலகூடம், மருந்தடிப்பு எல்லாவற்றிலும் ஐ.எஃப்.சி. சரியாகக் கவனிக்கவில்லை என்று அதில் இருந்தது. நம்மைப் போலவே கொழுந்து பறிக்கிற சனம், நம்முடையதைப் போன்ற லயங்கள், அதனால் அந்த அறிக்கையை ஒரு தடவையாவது தேடிப் படியுங்கள். மூன்று வருடம் காத்திருக்க நேரமில்லை என்றால் விசாரணையைக் கேட்காமல் சமரசப் பேச்சைக் கேளுங்கள். ஓடை, கான், மதகு, பவுசர் தண்ணீர் போன்ற விஷயங்களுக்கு அதுதான் வேகமான வழி என்பது என் அனுபவம். மண்சரிவு அபாயம் என்றால் கடிதத்தை நம்பிக் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் சொல்லி இடம்பெயருங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

சரி, கடிதம் வேலை செய்து ஆட்கள் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தைத் துரை பங்களாவிலோ ஒபிஸிலோ வைக்க விடாதீர்கள், கோயில் மண்டபத்திலோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்திலோ வையுங்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு நேரம் குறியுங்கள், இல்லாவிட்டால் ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். தண்ணீர் சுமப்பது பெண்கள், எத்தனை தடவை நடக்கிறோம், எந்த நேரத்தில் கலங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மொழிபெயர்ப்பவர் தோட்ட நிர்வாகத்தின் ஆளாக இருக்கக்கூடாது என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பேசத் தொடங்குவதற்கு முன்னால் அவர்களைப் பீலிக்கரைக்கு நடத்திக் கூட்டிப்போங்கள், மழை பெய்த மறுநாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வெள்ளை வாளியில் தண்ணீரைப் பிடித்து அவர்கள் கண் முன்னால் வைத்துவிட்டு, அடியில் சேறு படியும்வரை கூட்டத்தைத் தொடங்காதீர்கள்.